தப்பான தீவு, நல்ல பொழுதுபோக்கு: குரூசோ தொடர்களில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

டேனியல் டிஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ நாவலை வைத்து 2008-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘குரூசோ’ தொடரில் வரலாற்றுப் பிழை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பிழை இல்லாத இடங்களைக் குறித்துவைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் ஆளில்லாத் தீவுக் கதை ஒன்றை வீட்டோடு உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வோம். சில நிபந்தனைகள் உண்டு.

தேர்வுக்கு மூன்று தொடர்கள் நிற்கின்றன. ஒன்று, 1964-ல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளை ‘ராபின்சன் குரூசோ’. இரண்டு, 1981-ல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் எடுத்த ‘ஸ்விஸ் குடும்ப ராபின்சன்’ கார்ட்டூன். மூன்று, மேலே சொன்ன 2008 தொடர். 1964 தொடர் ஆங்கில வடிவத்தில் 13 பகுதி, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். 2008 தொடரும் 13 பகுதிதான், ஆனால் விளம்பரம் போக ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும். மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ஜப்பான் கார்ட்டூன் 50 பகுதி. அதைத் தொடங்கினால் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையே போதாது.

மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது, ஏனென்றால் மூன்றும் செய்யும் தப்பு வெவ்வேறு வகை. அந்தத் தப்பில் எது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எது எரிச்சலாக இருக்கும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் மூலக்கதையின் கணக்கு. டேனியல் டிஃபோவின் நாவல் 1719 ஏப்ரலில் வெளிவந்தது. கதைப்படி குரூசோ 1632-ல் யார்க் நகரத்தில் பிறந்தவன். 1659 செப்டம்பர் 30 அன்று கரை ஒதுங்கி, 1686 டிசம்பர் 19 அன்று தீவை விட்டுக் கிளம்புகிறான். தீவு இருப்பது ஒரினோகோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு எதிரே, டிரினிடாட் பக்கம். அவன் கப்பலேறிய காரணம்தான் முக்கியம்: பிரேசிலில் அவனுக்குத் தோட்டம் இருந்தது, ஆள் பற்றாக்குறை. கினி கடற்கரைக்குப் போய் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கிவரப் புறப்பட்ட கப்பல்தான் உடைகிறது.

2008 தொடர் இந்த இடத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது. இங்கே குரூசோவுக்கு இங்கிலாந்தில் சுசன்னா என்ற மனைவியும் பிள்ளைகளும் உண்டு. நாவலில் அவன் கல்யாணம் செய்துகொள்வதே ஊர் திரும்பிய பிறகுதான். பிளாக்தார்ன் என்ற பெரிய மனிதரின் சதி ஒன்று கதை முழுக்க ஓடுகிறது. அந்த வேடத்தில் சாம் நீல். குரூசோவின் அப்பாவாக ஷான் பீன். வாரம் ஒரு கூட்டம் தீவுக்கு வந்து இறங்குகிறது. டிஃபோவின் குரூசோ மனிதக் காலடித் தடம் ஒன்றைப் பார்க்கவே பதினைந்து வருடம் ஆகிறது. இந்தத் தீவிலோ பேருந்து நிலையம் மாதிரி ஆள் வந்துபோகிறார்கள்.

பிறகு அந்த மரவீடு. கப்பியும் கயிறும் ஏற்றமும் பொறியுமாகப் பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. நாவலின் குரூசோ மரத்தில் தூங்கியது முதல் ராத்திரியும், பிறகு தீவைச் சுற்றிப் பார்க்கப் போனபோதும்தான். குடியிருப்பு என்றால் கூடாரம், பிறகு பாறையைக் குடைந்த குகை, சுற்றிலும் கூர்முனைக் கம்பு வேலி. மரவீடு உண்மையில் அடுத்த வீட்டுச் சொத்து: சுவிட்சர்லாந்துப் பாதிரியார் யோஹான் டேவிட் வீஸின் ‘ஸ்விஸ் குடும்ப ராபின்சன்’ நாவலிலிருந்து வந்தது, 1812. தொடர் எடுத்தவர்கள் அதைக் கேட்காமல் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதனால் மரவீடு பிடித்தவர்கள் 1981 கார்ட்டூனுக்குப் போவது நியாயம். அங்கே அது சொந்த இடத்தில் இருக்கிறது.

கட்டுமானத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தொடர் இன்னும் ருசிக்கும். 10 செ.மீ. தடிமனுள்ள இரண்டு மூங்கிலைக் குறுக்காக வைத்துக் கட்டினால், மூன்று சுற்று, நடுவில் இறுக்க இரண்டு சுற்று, இரு முனையிலும் முடிச்சு என்று ஒரு மூட்டுக்கு ஏறக்குறைய 4 மீட்டர் கயிறு போகும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுபவர்களுக்கு இது கைவந்த கணக்கு. திரையில் தெரிகிற மாதிரி ஒரு வீட்டுக்கு 200 மூட்டு என்று குறைத்தே வைத்தாலும் 800 மீட்டர். கப்பலில் கயிறு கிடைக்கும், சரி. ஆனால் தார் பூசாத சணல் கயிறு வெப்பமண்டல மழையில் நனைந்து காய்ந்து இற்றுப்போகும். பதப்படுத்தாமல் வெட்டிய மூங்கிலை வண்டு துளைத்து மாவாய்க் கொட்டும். ஆக, அந்த வீட்டில் குடியிருப்பவனுக்குப் பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டுப் போடுவதே முழுநேர வேலை. சண்டை போட நேரம் எங்கே?

2008 தொடரின் மிகப் பெரிய தப்பு இதுதான் என்பது எங்கள் கருத்து. தேதி மாறியதோ மனைவி முளைத்ததோ பெரிதல்ல. காலமும் உழைப்பும் தோல்வியும் காணாமல் போயிருக்கின்றன. நாவலில் ஒரு நீளப் பலகை செய்ய அவனுக்கு 42 நாள் ஆகிறது. மரம் அறுக்கும் ஆட்கள் இருவர், ரம்பத்தோடும் குழியோடும் இருந்தால் அதே மரத்தில் ஆறு பலகையை அரை நாளில் அறுத்துவிடுவார்கள் என்று அவனே நொந்துகொள்கிறான். அதைவிட ருசியானது அந்தப் படகு. அடியில் 5 அடி 10 அங்குலம் குறுக்களவுள்ள தேவதாரு மரம். வெட்டிச் சாய்க்க 20 நாள், கிளை கழிக்க 14 நாள், வெளிப்புறம் செதுக்க ஒரு மாதம், உள்ளே குடைய ஏறத்தாழ மூன்று மாதம். 26 பேர் உட்காரலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் தண்ணீர் சுமார் 100 கஜம் தள்ளி இருக்கிறது, நடுவே மேடு என்பது உறைக்கிறது. வாய்க்கால் வெட்டிக் கடலைப் படகிடம் கொண்டுவரலாமா என்று கணக்குப் போடுகிறான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்று விடை வருகிறது. படகு அங்கேயே கிடந்தது. பலகைக்கும் படகுக்கும் ஆன இந்த நாட்களை முன்னோட்டாமல் காட்டத் தொலைக்காட்சிக்குப் பொறுமை கிடையாது.

1964 தொடர் இந்த விஷயத்தில் நேர்மையானது. ராபர்ட் ஹாஃப்மான் என்ற ஆஸ்திரிய நடிகர். படப்பிடிப்பு கனரித் தீவுகளில் கிரான் கனரியாவில். பாதிக்கு மேல் ஒற்றை ஆள்தான் திரையில், மனக்குரல் மட்டும் பேசிக்கொண்டே வருகிறது. வெட்டுகிறான், தூக்குகிறான், விழுகிறது, மறுபடி தூக்குகிறான். நடுநடுவே அவனுடைய பழைய வாழ்க்கை வருகிறது. அலுப்புத் தட்டுமா என்றால் தட்டும். அந்த அலுப்பும் கதையின் பகுதிதான். மெதுவான படம் பார்த்துப் பழகியவர்களுக்குக் குறையாகத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: 13 பகுதியாக இருப்பது ஆங்கிலக் குரல் வடிவம். ஜெர்மனியில் இதையே நான்கு நீண்ட பகுதிகளாகக் காட்டினார்கள், இசையும் வேறு. பலர் தேடி அலைவது ஆங்கில வடிவத்துக்காக ராபர்ட் மெல்லினும் ஜான்-பியரோ ரெவெர்பெரியும் செய்த இசையைத்தான். ஜெர்மன் வட்டு வாங்கிவிட்டு அந்த இசை இல்லையே என்று புலம்பிப் பயனில்லை. வெளிநாட்டு டிவிடி வாங்கும்போது மண்டல எண்ணையும் பாருங்கள்: ஐரோப்பாவும் ஜப்பானும் 2, அமெரிக்காவும் கனடாவும் 1, இந்தியா 5. எல்லா மண்டலமும் ஓடும் கருவி இல்லாவிட்டால் வட்டு சும்மா சுற்றும்.

1981 கார்ட்டூனின் தப்பு வரலாற்றில் இல்லை, விலங்கியலில் இருக்கிறது. அதற்கும் பொறுப்பு பாதி மூலநூல்தான். வீஸ் தன் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்தும் சாக்கில் பென்குயினையும் கங்காருவையும் சிங்கத்தையும் ஒரே தீவில் கொண்டுவந்து இறக்கியவர். கார்ட்டூன் அந்த உயிர்க்காட்சி சாலையைக் கொஞ்சம் அடக்கி, நாவலில் இல்லாத ஃப்ளோனே என்ற பத்து வயதுச் சிறுமியை நடுவில் வைக்கிறது. அவள் அடம் பிடிக்கிறாள், பொறாமைப்படுகிறாள், தப்புச் செய்கிறாள். ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, கார்ட்டூனையே போடுங்கள். வன்முறை குறைவு, அப்பா அம்மா கூடவே இருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

பன்னிரண்டு வயதுக்கு மேலே, அல்லது பெரியவர்கள் மட்டும் என்றால், போட்டி 1964-க்கும் 2008-க்கும் நடுவில். இங்கே, தீவில் குரூசோவுக்குத் துணையாகும் ஃப்ரைடேயையும் பேசியாக வேண்டும். நாவலின் ஃப்ரைடே ஆப்பிரிக்கர் அல்ல. அந்தப் பகுதியின் பூர்வகுடி. நீண்ட கறுத்த தலைமுடி, சுருள் இல்லை என்று டிஃபோ தெளிவாகவே எழுதுகிறார். 2008 தொடரில் நடிப்பவர் ஜிம்பாப்வேயின் டோங்காயி சிரிசா. இனக்கணக்கில் இது தப்பு. ஆனால் இந்த ஃப்ரைடே பல மொழி தெரிந்தவன், குரூசோவின் தோள்மேல் கைபோடும் நண்பன், பல இடங்களில் குரூசோவைவிடக் கெட்டிக்காரன். மூலத்திலோ குரூசோ அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் சொற்களில் ஒன்று ‘எஜமான்’. ஃப்ரைடேயின் சொந்தப் பெயரைக் கேட்கக்கூட அவனுக்குத் தோன்றுவதில்லை. மூலத்தோடு ஒட்டிப்போவதே உயர்வு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

இடமும் காட்டிக்கொடுக்கும். 2008 தொடரின் படப்பிடிப்பு சீஷெல்ஸ், தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து என்று பிரிந்து நடந்தது. யானை படுத்தாற்போல உருண்ட கருங்கல் பாறைகள் கடற்கரையில் தெரிந்தால் அது சீஷெல்ஸ், இந்தியப் பெருங்கடல். ஒரினோகோ முகத்துவாரம் சேறும் அலையாத்திக் காடுமான பூமி. ஆறு கொண்டுவரும் வண்டலால் கடலே பழுப்பாக இருக்கும். பாட்டில் நிறத்தில் தெளிந்த நீரை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இனி, எப்படிப் பார்ப்பது. மூன்று வழி இருக்கிறது.

நிறுத்தி நிறுத்திச் சரிபார்த்துக்கொண்டே பார்ப்பது ஒரு வழி. வேண்டாம். 45 நிமிடப் பகுதி இரண்டு மணி நேரம் ஆகும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். முதலில் நாவலைப் படித்துவிட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. இது 1964-க்குப் பொருந்தும், 2008-க்குப் பொருந்தாது. படித்தவுடன் பார்த்தால் ஒவ்வொரு காட்சியிலும் ‘இது இல்லையே’ என்று மனம் முணுமுணுக்கும். 2008-ஐ ஒன்றும் படிக்காமல், பாப்கார்னோ சுண்டலோ கையில் வைத்துக்கொண்டு முதலில் பார்த்துவிட வேண்டும். படிப்பது பிறகு. தொடர் ஒரே பருவத்தோடு நின்றுபோனது என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்; எல்லா முடிச்சும் அவிழும் என்று காத்திருந்தால் கடைசிப் பகுதி ஏமாற்றும்.

சரிபார்க்காமல் கை நமநமக்கிறது என்பவர்களுக்கு ஒரு விளையாட்டு: குண்டு எண்ணுங்கள். அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கி ஒரு முறைதான் சுடும். மறுபடி சுட, துப்பாக்கிக் குதிரையை (தீப்பொறி தட்டும் சுத்தியலை) பாதி இழுத்து நிறுத்தி, அதன் கீழுள்ள சிறு கிண்ணத்தில் துளி வெடிமருந்து போட்டு மூடி, குழலில் மருந்து கொட்டி, குண்டும் அடைப்பும் வைத்து, கோலால் இடித்து, கோலை எடுத்து, குதிரையை முழுதாக இழுக்க வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய்க்கே 15, 20 வினாடி ஆகும். மருந்து ஈரமானால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. கடற்கொள்ளையர்கள் மூன்று நான்கு துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிந்தது பகட்டுக்காக அல்ல. ஆகவே கைபேசியில் வினாடி முள்ளை ஓடவிட்டு, ஒருவன் சுட்டதற்கும் மறுபடி சுட்டதற்கும் இடைவெளி குறித்தால் ஒரு பகுதிக்குள்ளேயே நல்ல சிரிப்பு கிடைக்கும். மண்டையோட்டுக் கொடி தென்பட்டால் ஒரு புள்ளி கூடுதல்: அதற்குப் பதிவுள்ள பழைய சான்றுகள் 1700 வாக்கில்தான் தொடங்குகின்றன, கதையோ அதற்கு நாற்பது வருடம் முந்தியது.

பிறகு படிக்கும்போது நாவலை முழுதாகப் படிக்க வேண்டும் என்றில்லை. மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது. பதிப்புக்குப் பதிப்பு தலைப்பு மாறும். அதனால் நிகழ்ச்சியை வைத்துத் தேடுங்கள்: கப்பலிலிருந்து 13 நாளில் 11 முறை போய்ச் சாமான் இறக்கியது, மேலே சொன்ன படகு, மண்பானை செய்யத் திண்டாடியது, காலடித் தடம், ஃப்ரைடே வருகை. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு வாங்கினால் அடிமைக் கப்பல் பகுதி இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

நாவலைவிட எங்களுக்குப் பிடித்தவை உண்மைச் சம்பவங்கள். சிலியின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில், 1704-லிருந்து 1709 பிப்ரவரி வரை நான்கு வருடம் நான்கு மாதம் தனியாக இருந்தவர் ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க். கப்பல் உடையவில்லை, இந்த ஓட்டைக் கப்பல் மூழ்கும் என்று தலைவனோடு சண்டை போட்டு அவரே இறங்கிக்கொண்டார். கப்பல் பின்னால் மூழ்கத்தான் செய்தது. எலிகள் பாதத்தைக் கடித்ததால் பூனைகளைப் பழக்கிப் பக்கத்தில் படுக்கவைத்தார். வெடிமருந்து தீர்ந்ததும் ஆட்டை ஓடியே பிடித்தார். கத்தி தேய்ந்து முதுகு மட்டும் மிஞ்சியபோது, கரையில் கிடந்த பீப்பாய்ப் பட்டை இரும்பை அடித்துப் புதுக் கத்தி செய்தார். மீட்கப்பட்டபோது பேச்சு பாதிதான் வந்தது. வெறுங்காலில் திரிந்த பாதம், செருப்புப் போட்டதும் வீங்கியது. 2008 தொடரில் குரூசோவின் வாக்கு வன்மையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அதே தீவில் அவருக்கு முன்பே, 1681-லிருந்து 1684 வரை, வில் என்று ஆங்கிலேயர் அழைத்த, மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்தவர் ஒருவர் தனியே இருந்திருக்கிறார். கையில் துப்பாக்கி, கத்தி, கொஞ்சம் வெடிமருந்து, சில குண்டுகள். குண்டு தீர்ந்ததும் கத்தியின் வாயைப் பல்பல்லாக வெட்டி ரம்பமாக்கி, துப்பாக்கிக் குழலையே அறுத்துத் துண்டாக்கி, நெருப்பில் காய்ச்சி, ஈட்டிமுனையும் தூண்டிலும் நீளக் கத்தியும் செய்துகொண்டார். தொடரின் அத்தனை பொறிகளையும் அடுக்கினாலும் இந்த ஒரு வேலைக்கு ஈடாகாது. இதை எழுதிவைத்தவர் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர். 1697-ல் வெளியான அதே பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும், பெயர் சொல்லி, குறித்திருக்கிறார். செல்கிர்க்கை மீட்ட கப்பலிலும் வழிகாட்டியாக இருந்தவர் அவரேதான்.

கடைசியாக டிராம்லின். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் மணல்திட்டு. 1761-ல் மடகாஸ்கர் மக்களை அடிமைகளாகக் கடத்திவந்த பிரெஞ்சுக் கப்பல் அங்கே உடைந்தது. பிழைத்த மாலுமிகள், உடைந்த கப்பலின் மரத்தில் எல்லோருமாகக் கட்டிய படகில் ஏறிக்கொண்டு, திரும்பி வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். சுமார் 60 பேர் விடப்பட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து, 1776-ல், ஒரு கப்பல் வந்தபோது மிஞ்சியது ஏழு பெண்களும் ஒரு எட்டு மாதக் கைக்குழந்தையும். பறவை இறகைப் பின்னி உடுத்தியிருந்தார்கள். பவளக்கல்லை அடுக்கி வீடு கட்டியிருந்தார்கள்.

இது சீஷெல்ஸ் கிடக்கும் அதே கடல். குரூசோ போன்றவர்கள் வாங்கப் புறப்பட்ட ‘சரக்கின்’ பக்கத்திலிருந்து தெரிகிற தீவுக் கதை இதுதான். வீட்டில் பதின்பருவத்தினர் இருந்தால் 2008 தொடர் முடிந்த மறுநாள் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த மரவீட்டை யாரும் ரசிக்க மாட்டார்கள், ஒன்பது மணி நேரமும் வீண்.